ஜெர்மனிச் சுரங்கத்தில் தோலைத் தாண்டினேன்

மே மாதம் ஆம்பூர் தோல் தொழிற்சாலையிலிருந்து என்னையும் இக்பால் பாயையும் புது மெஷின் பழக ஜெர்மனிக்கு ஒரு வாரம் அனுப்பினார்கள். நான் தோலின் தரம் பார்ப்பவள், பாய் மெஷின் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை லீவு. எல்லோரும் கொலோன் நகரத்துப் பெரிய சர்ச்சைப் பார்க்கச் சொல்ல, நான் பழைய நிலக்கரிச் சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். கூட்டம் இல்லாத இடம் வேண்டியிருந்தது. பாயும் துணைக்கு வந்தார். அன்று மாலைக்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

விஷயம் கல்யாணப் பத்திரிகை. எனக்கு நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை வீடு சென்னை. பெண் பெயருக்குக் கீழே படிப்பும் வேலையும் போடுவார்கள் அல்லவா, அங்கே ‘தோல் தொழிற்சாலை’ என்று வரக்கூடாதாம். ‘தனியார் நிறுவனம்’ என்றால் போதுமாம். “சொந்தக்காரங்க ஒரு மாதிரி பார்ப்பாங்கம்மா” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. என் சம்பளத்தை மட்டும் அவர்கள் யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை.

நாங்கள் தங்கியிருந்த டுசல்டார்ஃபிலிருந்து விட்டன் ஊருக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிறகு பஸ், அதன்பின் ரூர் ஆற்றுப் பக்கம் காட்டுப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடை. நுழைவுக் கட்டணம் ஐந்து யூரோ, ஹெல்மெட் அவர்களே தருகிறார்கள். ஏலகிரிக் குளிரை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், மே மாதத்திலும் உள்ளே நடுங்கும்.

பிரமாண்டம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மலைச்சரிவில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். நிலக்கரி இங்கே மண்ணுக்கு மேலேயே தலைகாட்டியதால், முதலில் விவசாயிகள் தங்கள் அடுப்புக்குத் தோண்டி எடுத்தார்கள். பிறகு மலைக்குள் குடைந்தார்கள். பாதை வாசல் பக்கம் சரிவாக இருந்ததால் ஊற்றுத் தண்ணீர் தானாக வெளியே ஓடியது. அதற்குக் கீழே இருந்த கரியை எடுக்கத் தண்ணீர் விடவில்லை. நீராவி பம்பு வைத்த பெரிய சுரங்கங்கள் ஆழத்துக்குப் போக, இந்தச் சின்னதை மூடிவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து, எரிக்க ஒன்றும் இல்லாதபோது ஊர்க்காரர்கள் திரும்பி வந்து இதையே தோண்டினார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

வழிகாட்டி உட்டா என்ற பெண், வாரநாட்களில் பல் டாக்டரிடம் வேலை செய்கிறார். சுவரில் தொங்கிய அரைவட்டத் தோலைக் காட்டினார். ஈரப் பாறையில் உட்காரவும் சறுக்கவும் தொழிலாளிகள் அதை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்களாம். தப்புச் செய்தவனிடமிருந்து அதைப் பிடுங்கிவிடுவார்களாம், அதைவிடப் பெரிய அவமானம் கிடையாதாம். எனக்குச் சுருக்கென்றது.

தொழிலில் புதிதாகச் சேர்பவர், இரண்டு பேர் பிடித்திருக்கும் அந்தத் தோலைத் தாண்ட வேண்டும். அதற்குமுன் பெயர், ஊர், தொழில் மூன்றையும் உரக்கச் சொல்லி, பீர் குடிக்க வேண்டும். “பெண்கள் உள்ளே வந்தாலே அபசகுனம் என்பார்கள். இப்போது சாவி என்னிடம்தான்” என்றார் உட்டா. யாராவது தாண்டுகிறீர்களா என்றும் கேட்டார்.

“வோணாம்மா, வழுக்கும்” என்றார் பாய்.

“பிடிங்க பாய்” என்றேன்.

பீருக்குப் பதில் ஆப்பிள் ஜூஸ். பெயர் சொன்னேன், ஆம்பூர் என்றேன். தொழில் என்றதும் ‘தனியார் நிறுவனம்’ என்று வாய்வரை வந்துவிட்டது. கோபம் வந்தது, முதலில் என் மேலேயே. “தோல் பதனிடறது” என்று தமிழில் கத்திவிட்டுத் தாண்டினேன்.

பஸ் ஸ்டாப்பிலிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். “இருக்கறத இருக்கறபடி போடுங்க.”

“அம்மா ஒத்துக்க மாட்டாங்க. ஒரு வார்த்தைதானே, விட்டுக் குடுக்கக் கூடாதா?”

“அதே ஒரு வார்த்தைய நீங்க விட்டுக் குடுங்க.”

யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனை வைத்துவிட்டார். “இன்னாமா, பேஜாரா?” என்றார் பாய்.

“பசிதான் பாய் ஜாஸ்தி” என்றேன்.

போகிறவர்களுக்கு: உள்ளே தண்ணீர் சொட்டும், பிடிப்புள்ள ஷூ அவசியம். நெடுகக் குனிந்தே நடக்க வேண்டும், முதுகுவலிக்காரர்கள் யோசியுங்கள். ஆங்கிலத்தில் விளக்கம் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்தில் கடை இல்லை, சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்யாணம் நின்றுவிட்டது. வீட்டில் அழுதார்கள், ஒரு நாள் நானும் அழுதேன். இப்போது வேறு வரன் பார்க்கிறார்கள். தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். பெண் பார்க்க வருபவர்கள் முதலில் எங்கள் தொழிற்சாலைக்கு வரட்டும், பச்சைத் தோல் இறங்கும் இடத்தில் என் பக்கத்தில் நின்று டீ குடிக்கட்டும். வீட்டுக்கு அப்புறம் போகலாம்.