சூசையின் தகப்பனார் பெயர்

போன வாரம் வேர்க்குருவுக்கு ஒரு களிம்பு வாங்கினேன். மூடியைத் திறந்ததும் துத்தநாக வாடை. என் மனைவிக்கு அது மருந்து வாடை, எனக்கு அரிதார வாடை. அந்தக் காலத்தில் நாடகத்துக்கு, முத்துவெள்ளை என்ற துத்தநாகப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத்தான் முகத்தில் அப்பிக்கொள்வோம். போர்ட் பிளேர் புழுக்கத்தில் அரை மணி நேரத்திலேயே தேவர்கள் உருக ஆரம்பித்துவிடுவார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் குமாஸ்தா. நியமனம், விடுப்பு, தண்டனை, ஓய்வு என்று ஒரு மனிதனின் அரசாங்க ஆயுள் முழுவதும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். விதிகளைப் பக்க எண்ணோடு சொல்வேன். இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்காதீர்கள். கப்பல் வராத வாரங்களில் பெருமைப்பட வேறு எதுவும் இருக்காது. மெயின்லேண்டிலிருந்து கடிதம் வராது, பேப்பர் வராது, வெங்காயமும் வராது. ஆகவே தமிழர்கள் சேர்ந்து நாடகம் போட்டோம்.

எழுதியவர் எங்கள் ஹெட் கிளார்க் நடேசன். தீவு வழக்கப்படி அலுவலகமே அவரைப் படாபாபு என்று கூப்பிடும். அரண்மனையில் எடுபிடியாக இருக்கும் ஓர் அநாதையை எல்லோரும் பரிகசிக்கிறார்கள். கடைசிக் காட்சியில் சமுத்திரராஜன் தோன்றி, இவன் என் மகன் என்கிறான். பரிகசித்தவர்கள் காலில் விழுகிறார்கள். கதை அவ்வளவுதான். சமுத்திரராஜன் வேஷம் படாபாபுவுக்கு. அநாதை வேஷம் யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை.

சூசை எங்கள் தினக்கூலி மஸ்தூர். இருபத்தைந்து வயது இருக்கும். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த அம்மா செத்தபின், ஒரு மீனவக் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவன். அப்பா யாரென்று அம்மா சொல்லவே இல்லையாம். யாரோ கேட்டபோது இதை மறைக்காமல் சொல்லிவிட்டான். அவன் செய்த தப்பு அதுதான்.

"அரே சூசை, இந்தக் கப்பல்லயாவது உங்கப்பன் வர்றானா, ஜெட்டியில போய்ப் பாரு."

ஜெட்டியில் கப்பல் அணையும் நாளெல்லாம் யாராவது இதைச் சொல்வார்கள். முதலில் சொன்னவன் நான்.

ஒத்திகையில், படாபாபு எழுதாத வசனங்களை எல்லாம் நாங்கள் சேர்த்தோம். மந்திரி வேஷத்திலும் சேனாதிபதி வேஷத்திலும் நின்றுகொண்டு அவனை நிஜமாகவே ஏசினோம். அவன் நாடகம்தானே என்று சிரித்தான். அல்லது அப்படி நினைப்பதாகக் காட்டிக்கொண்டான்.

அந்த மாதம்தான் அவனை நிரந்தரமாக்கும் பட்டியல் வந்திருந்தது. அதற்கு ஒரு படிவம், மூன்று பிரதிகள். அதில் தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் படிவம் திரும்பி வந்துவிடும். எதிர்க்கரையில் பாம்பூபிளாட்டில் அவனுக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்து நாளாக அலைந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மரக் கொட்டகையில் நாடகம் நடந்தது. படாபாபு அவன் தலையில் கை வைத்து "மகனே" என்றதும் சூசைக்கு வசனம் வரவில்லை. அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெங்காலி டிராஃப்ட்ஸ்மேனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேஷம் கலைக்கும் இடத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். என் மந்திரித் தலைப்பாகை சிக்கிக்கொண்டு வர மறுத்தது.

"பாபுஜி, அந்த ஃபாரத்துல அப்பா பேரு கேக்குறாங்க," என்றான் சூசை படாபாபுவிடம். "உங்க பேரப் போட்டுக்கட்டுமா?"

கைதட்டல் இன்னும் காதில் இருந்ததால் அவர் கடவுளாகவே பதில் சொன்னார்.

"அதுக்கென்னடா, போட்டுக்கோ. நீ என் புள்ளதானே."

மறுநாள் காலை படிவம் என் மேஜைக்கு வந்தது. தகப்பனார் பெயர் நடேசன். விலாசம், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் படாபாபுவின் வீடு. அவருடைய கடிதங்களைத் தபாலில் சேர்ப்பவன் அவன்தான், விலாசம் மனப்பாடம்.

அப்பா பெயர் தெரியாதவன் தாயின் பெயரை எழுதி, மாஜிஸ்திரேட் முன் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். அரை நாள் வேலை. அந்த விதி அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. முத்திரை குத்தி, அதிகாரி படிக்காமல் கையெழுத்திடும் காகிதக் கட்டுக்குள் வைத்து, போலீஸ் விசாரணைக்காக மெயின்லேண்டுக்கு அனுப்பினேன். கும்பகோணத்தில் ஒரு போலீஸ்காரர் கதவைத் தட்டி, படாபாபுவின் மனைவியிடம் "உங்கள் மகன் சூசை" என்று ஆரம்பிப்பதை நினைத்து நினைத்து இரண்டு நாள் சிரித்தேன்.

மூன்று கப்பல் கழித்துப் பதில் வந்தது. அதே தபால் பையில் படாபாபுவுக்கு மனைவியின் கடிதமும். அவர் இரண்டு நாள் அலுவலகம் வரவில்லை. மூன்றாம் நாள் அதிகாரி விசாரணை வைத்தார். வாக்குமூலங்களை எழுத என்னை உட்கார வைத்தார்கள்.

"எனக்கும் இவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது சார்," என்றார் படாபாபு. "மஸ்தூர்னு தெரியும், அவ்வளவுதான்."

எழுதச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டார். சூசை கொஞ்ச நேரம் படாபாபுவைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேனா தயாராக இருந்தது.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் எழுதுனேன்."

எழுதிக்கொண்டேன். உமக்கு ஏதாவது தெரியுமா என்று அதிகாரி என்னையும் கேட்டார்.

"ஃபாரம் முழுசா நிரப்பியிருந்துச்சு சார்," என்றேன்.

பொய்த் தகவல் தந்த குற்றத்துக்கு அவனை வேலையிலிருந்தே நீக்கினார்கள். ஆணையைத் தட்டச்சு செய்ததும் நான்தான், ஒரு பிழை இல்லை. அடுத்த கப்பலுக்கு சாத்தம் ஜெட்டியில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அவன் நின்றதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் போகவில்லை. பாம்பூபிளாட் பெண்ணை வேறு யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள். படாபாபு அதற்குப் பிறகு நாடகம் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மரக் கொட்டகையைப் பிரித்து, அந்த இடத்தில் ஜீப் நிறுத்தினார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் பழைய கோப்புகளை அழிக்கும் வேலை நடந்தது. எதை வைப்பது, எதை எரிப்பது என்று எழுத வேண்டியவன் நான். சூசையின் கோப்பு வந்தது. காலக்கெடு எப்போதோ முடிந்திருந்தது. போலீஸிலிருந்து திரும்பி வந்ததையும் சேர்த்து மூன்று பிரதிகளும் உள்ளேயே இருந்தன. மற்ற கட்டங்களில் எழுத்து பொடியாக, பயந்து பயந்து இருந்தது. தகப்பனார் பெயர் மட்டும் பெரிதாக, கோட்டைத் தாண்டி நீண்டிருந்தது.

"அழிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். விதிப்படி சரிதான். அலுவலகத்துக்குப் பின்னால் மற்றவற்றோடு போட்டு எரித்தார்கள், சாட்சிக்கு நான் நின்றேன். அவனுக்கு ஓர் அப்பா இருந்தார் என்று சொன்ன காகிதம் வேறு எங்கும் இல்லை.