இரைச்சல் பிடிக்காத வீரையன்

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வீரையன் நேரே கடையின் பின்பக்கம் போய், எர்த் குழியில் ஒரு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார். ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளிலும் அந்தக் குழி காய்ந்ததில்லை. "மண்ணு ஈரமா இருந்தாத்தாங்க படம் சுத்தமா வரும்" என்பார். பாபநாசம் கடைத்தெருவில் பழைய கல்யாணக் கேசட்டுகளை சி.டி.யாக மாற்றித் தருகிற கடை அவருடையது.

ஆள் ஒல்லி. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர். டெக், டி.வி., கம்ப்யூட்டர் மூன்றுக்கும் ஒரே பலகையிலிருந்துதான் கரண்ட் எடுப்பார். கரண்ட் ஒயரும் படம் போகிற ஒயரும் உரசவே கூடாது. கேபிள் டி.வி. ஒயரைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் பதிவையே தொடங்குவார். அது நாலு தெரு தள்ளி இன்னொரு எர்த்தைத் தொட்டுக்கொண்டு வருகிறதாம். "ஒரு வயலுக்கு ரெண்டு பேரு மடை தொறந்தா என்னாவும்? வரப்புல அடிதடிதான். எர்த்தும் அப்படித்தாங்க. ரெண்டு இருந்துச்சுன்னா படத்துல கோடு ஏறும், சத்தத்துல வண்டு கத்தும்." சீர்வரிசைப் பாத்திரங்களைப் பிடித்த கேசட்டுக்கே இத்தனை பத்தியம். அவர் மனைவி ராமாயி, "என்னைய இப்படிப் பாத்துக்கிட்டா நான் இன்னும் பத்து வருசம் கூட இருப்பேன்" என்று வாய்விட்டே சொல்லுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர், தம் தெருவுக்கு வேண்டியிருந்த ஒரே பதிவைக் கெடுத்தார்.

அவர் பிறந்த தெருவில் இருபத்திரண்டு வீடுகள். எழுபத்தொன்றுக்கு முன்பே குடியிருந்த விவசாயக் கூலிகளுக்கு மனை சொந்தம் என்கிறது சட்டம். ஆட்சிகள் மாறி மாறி வந்தன. மேடைக்கு மேடை பட்டா என்றார்கள். காகிதம் மட்டும் வரவில்லை. 'எண்பதுக்குப் பிறகு வந்து ஒண்டியவர்கள், காலி செய்யவேண்டும்' என்று மிராசுதார் குஞ்சிதபாதம் கோர்ட்டுக்குப் போனார். அவரே தொண்ணூறில் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, "எங்கப்பா காலத்துலேருந்து நம்ம மனையில குடியிருக்கிற சனங்க, எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போவணும்" என்று பேசியிருந்தார். அந்த அப்பா செத்தது அறுபத்தெட்டில். தெருவுக்கு வேறு சாட்சிக் காகிதம் கிடையாது. அன்று வீடியோக்காரருக்கு லைட் பிடித்தவர் வீரையன். மூலக் கேசட்டும் அவரிடம்தான் இருந்தது.

கோர்ட்டுக்குக் காட்ட அதை சி.டி.யாக்கித் தரச் சொன்னது தெரு. அதை அவர் கடையில் ஓட்டவில்லை. கடை, மிராசுதாரின் மச்சினர் கட்டடம். டெக்கையும் கம்ப்யூட்டரையும் சாக்கில் கட்டித் தங்கை வீட்டுக்குத் தூக்கிப் போனார். எர்த்தே இல்லாத வீடு. கேபிள் ஒயர் டி.வி.யில் செருகியபடியே இருந்தது. பக்கத்து வீட்டுக்கு மிராசுதார் குரல் கேட்டுவிடுமோ என்று டி.வி.யின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, என்ன பதிவாகிறது என்று காதால் கேட்காமலே ஓட்டினார். படத்தில் லேசாகக் கோடு ஏறியது. போகட்டும் என்று விட்டார். கேசட் கையில் இருந்தால் வம்பு என்று, அன்றைக்கே அதன்மேல் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவைப் பதிந்து பழையதை அழித்தார். பயந்தவனுக்குத்தான் எத்தனை சுறுசுறுப்பு!

கோர்ட்டில் சி.டி. ஓடியது. மிராசுதாரின் வாய் அசைந்தது, கேட்டதெல்லாம் வண்டுதான். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்.

போன வாரம் வேம்பு அத்தை அந்த சி.டி.யோடு கடைக்கு வந்தார். தெருவுக்காக வழக்கை அலைந்து நடத்துகிறவர் அவர். வருகிற திங்கட்கிழமை கடைசி வாய்தா.

"இந்தச் சத்தத்த எடுக்க முடியாதாடா?"

"முடியாது அத்த. ரெண்டும் ஒண்ணாக் கலந்துட்டு."

"அன்னிக்கு அவரு சொன்னது ஒங் காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு. பக்கத்துலதான நின்னேன்."

"அப்பப் படம் பேசாட்டிப் போவுது. கூண்டுல ஏறி நீ சொல்லு."

வீரையன் எழுந்தார். டெக்கிலிருந்து மூன்று ஒயர்களையும் பிடுங்கி, முனைகளைத் துடைத்து, மறுபடி செருகினார். வேம்பு நகரவில்லை.

"இருவத்திரெண்டு வீடுடா வீரையா. ஒங்கம்மா செத்த வீடும் அதுல இருக்கு."

வீரையன் ஹெட்போனை எடுத்து இரண்டு காதையும் மூடி மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். டெக்கில் கேசட் இல்லை.