இடது கம்பத்துக்குப் பின்னால்

அந்த உதைபந்தாட்ட மைதானத்தில் பதினெட்டு வருடம் புல் பார்த்தேன். விளையாட்டுக்காரர் கிளப்பிவிட்டுப் போன புல்லைத் திரும்ப வைத்துக் காலால் அழுத்திவிடுவது என் வேலை.

பழைய மைதானம். கிழக்கு லண்டனில் வீடுகளுக்கு நடுவில் செருகி வைத்த மாதிரி இருக்கும். முந்தி சனம் நின்றுதான் பார்த்ததாம். பிறகு கதிரை போட்டார்கள். தூண் மறைக்கிற கதிரைக்கும் ஆள் வரும். கடைசியில் கிளப் பெரிய இடம் தேடிப் போய்விட்டது. மைதானத்தை இடித்து ஃபிளாட் கட்டினார்கள். கட்டட்டும். என் எரிச்சல் அந்தப் பலகையில்தான்.

ஃபிளாட்டுகளுக்கு நடுவில் சின்னப் பூங்கா. அதில் மைதானத்தின் வரலாறு என்று ஒரு பலகை. பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கம்பம். கோல் இருந்த இடம் இதுதான் என்று எழுதியிருக்கிறார்கள். பிழை. கோடு கீறும்போது நான் தெருவுக்கு அங்கால் உள்ள வீட்டின் இரட்டைப் புகைபோக்கியைக் குறி பார்ப்பேன். அது இன்னும் நிற்கிறது. அதற்கு நேரே பார்த்தால் கோல் வருவது ஃபிளாட்டின் குப்பை அறைக்குள்.

மூன்று தரம் சொன்னேன். கவுன்சில் கட்டினவர்களைக் கேட்கச் சொன்னது. கட்டினவர்கள் ஈமெயில் போடச் சொன்னார்கள். மகளைக் கொண்டு போட்டேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. எனக்கு என்ன ஆர்வம்?

விஷயம் வேறு. கிழக்கு லண்டனிலேயே குட்மேய்ஸில் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய கணவர் அந்த டீமுக்குப் பைத்தியம். அவர் இறந்தபோது சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு, ஒரு பிடியை அக்கா தயிர்ப் பெட்டியில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

"உயிரோட இருக்கேக்க ஒரு சனிக்கிழமை வீட்டில நிண்டதில்லை. இனியும் அங்கயே கிடக்கட்டும் தம்பி."

அதற்கு அனுமதி இல்லை. மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போன நேரம், கோலின் இடது கம்பத்துக்குப் பின்னால் புல்லைக் கிளப்பி, சாம்பலைப் போட்டு மூடினேன். அந்த வேலையில் நான் செய்த ஒரே களவு அதுதான்.

இடித்த பிறகு அக்கா அந்தப் பக்கம் வரவில்லை. இந்த வருடத் திவசத்தன்று பூவோடு வந்தார். என்னையும் வரச்சொன்னார். நேரே வெள்ளைக் கம்பத்தடிக்குப் போய்க் குனிந்தார்.

"இதுதானே தம்பி?"

ஓம் என்றால் முடிந்தது. பலகை எழுதினவனும் அப்படித்தான் முடித்திருப்பான்.

"இல்லை அக்கா."

"அப்ப எங்க?"

காட்டினேன்.

"அது என்ன அறை?"

"குப்பை போடுற அறை."

அக்கா நிமிர்ந்து அந்த அறைக் கதவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "முப்பது வருசம் கத்தினனான், குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கோ எண்டு. ஒருநாள் அந்தப் பக்கம் போனவரே?"

அந்த அறைக்குப் போனோம். கதவில் நம்பர் பூட்டு. ஒரு வெள்ளைக்காரப் பெண் குப்பைப் பையோடு வந்து திறந்தாள். நாங்கள் இங்கே இருக்கிற ஆட்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஓம் எண்டு சொல்லும்" என்றார் அக்கா. "அவர் இங்க இருக்கிறார்தானே."

சொன்னேன்.

அது தானாகப் பூட்டுகிற கதவு. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா உள்ளே போனார்.

"இன்னும் இடப்பக்கம். அந்தக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால" என்றேன்.

அக்கா தொட்டியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அந்தப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தள்ளிக்கொடுத்தாள். எதற்கென்று கேட்கவில்லை. அக்கா சுவரோடு பூவை வைத்தார்.