தண்ணீர்க் கேள்விகள்

ஆய்வுக்காக எங்களுக்குக் கொடுத்திருந்த டேப்லெட்டில் இரண்டு கேள்வித்தாள்கள் இருந்தன. ஒன்று உண்மையானது. வீட்டில் அடி உண்டா, வேண்டாம் என்றால் கணவர் விடுவாரா, எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டதுண்டா என்று முக்கால் மணி நேரம் போகும். இன்னொன்று தண்ணீர் பற்றியது. குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, கேன் வாங்குகிறீர்களா, மோட்டார் உண்டா. பேச்சின் நடுவில் யாராவது உள்ளே வந்தால், திரையின் மூலையில் இருக்கும் நீர்த்துளிப் படத்தைத் தொட வேண்டும். முதல் தாள் மறைந்து இரண்டாவது வந்துவிடும். பேட்டி தொடங்கும்முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுவோம்: "யாராவது வந்தா நான் தண்ணிய பத்தி கேப்பேன். நீங்களும் தண்ணிய பத்தியே சொல்லுங்க."

பயிற்சியில் இதை எல்லோரையும்விட வேகமாகச் செய்தவள் நான்தான். சமூகப்பணி படிப்பை முடித்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் ஒரு மாடி வீடுதான் எங்கள் அலுவலகம். காலையில் பூட்டைத் திறப்பதும் பெரும்பாலும் நானே. ஆய்வு முடிந்தால் இந்த ஊரில் ஏதோ மாறிவிடும் என்று நம்பினேன். அம்மாவிடம்கூட அப்படித்தான் சொல்லியிருந்தேன். "முதல்ல சாப்பிட்டுட்டுப் போ" என்று அம்மா சொன்னாள்.

அந்த அக்கா செங்கம் ரோட்டுக்கு உள்ளே, ஒரு லைன் வீட்டில் இருந்தார். ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் ரூம் சுத்தம் செய்யும் வேலை. கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரே பெண், ஆறாவது படிக்கிறாள். நான் போனபோது வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அடிப்பாரான்னு கேக்கிறீங்களே மேடம், உங்களுக்குக் கல்யாணம் ஆகலையா?"

"இன்னும் இல்லக்கா."

"அதான் கேக்கிறீங்க" என்று சிரித்தார்.

பாதியில் பக்கத்து வீட்டம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், இட்லித் தட்டு கேட்டு. நான் நீர்த்துளியைத் தொட்டேன். அக்கா என்னைவிடக் கெட்டி. மூச்சு விடாமல், "எங்க மேடம் வருது? வாரத்துக்கு ரெண்டு நாள். அதுவும் இவங்க மோட்டார் போட்டா எங்களுக்குக் கம்மி" என்றார்.

பக்கத்து வீட்டம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏன்டி, என் மோட்டார்தான் உன் கண்ணுல படுதா? மேல் வீட்டுக்காரன் ராவும் பகலும் இழுக்கிறானே, அவன விட்டுட்ட! மேடம், என் பேரையும் எழுதிக்கோங்க. எனக்கும் தண்ணி வரல."

"ஏன் மேடம், இவ வீட்டுல மட்டும்தான் கேப்பீங்களா?" என்றும் கேட்டார். பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று விளக்கினேன். நம்பாத முகத்தோடு இட்லித் தட்டை வாங்கிக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மேடம் என்பது போய் பாப்பா ஆனேன்.

"பாப்பா, எங்க வீட்டுக்காரர் தினம் ஒரு மாத்திரை போடுறார். சத்து மாத்திரைன்னு சொல்றார். சத்து மாத்திரைன்னா டப்பா மேல ஒட்டின பேப்பர எதுக்கு சுரண்டி எடுக்கணும்?"

துணி துவைக்கும்போது சட்டைப் பையில் ஒரு சீட்டு கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி முத்திரை, மாதாமாதம் வரவேண்டிய தேதிகள். அது என்ன என்று கணவரிடம் கேட்டதற்குப் பதில், ரவிக்கைக் கைக்குக் கீழே இன்னும் கன்றிப் பச்சையாக இருந்தது.

"எனக்கும் இருக்குமா? அவருக்குத் தெரியாம டெஸ்ட் பாத்துக்கணும். தெரிஞ்சா என்னயும் பொண்ணையும் வெளிய தள்ளிடுவார். நீ கூட வரியா?"

வருகிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை. வியாழக்கிழமை பத்து மணி, பெரிய ஆஸ்பத்திரி கேட். போன் கணவரிடம்தான் இருக்கும், அதனால் கூப்பிடக் கூடாது என்றார்.

எங்கள் மேற்பார்வையாளர் மேடத்திடம் சொன்னேன். "உதவிக்குக் கூப்பிடற நம்பர் எழுதின சீட்டு குடுத்தியா? அதோட நம்ம வேலை முடிஞ்சுது. கூடப் போகக் கூடாது. ஒரே வீட்டுக்கு ரெண்டாவது தடவ போகவே கூடாது. எதுக்குன்னு தெரு கேக்கும்."

"அப்ப எதுக்கு மேடம் கேள்வி கேக்கிறோம்?"

அவர் அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஒன்றரை வரை கேட்டில் நின்றேன். அக்கா வரவில்லை.

மறுநாள் மாவட்டத்தில் எச்.ஐ.வி. சம்பந்தமான வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு கூட்டம். முடிவில் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். மனம் முழுக்க அக்காவின் நினைப்பு. கூட்டம் விட்டதும் நேராக ஷேர் ஆட்டோ ஏறி அந்தத் தெருவில் இறங்கினேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"தண்ணி மேடமா? இன்னா, மறுபடியும் அவ வீட்டுக்கேவா?" என்றவரின் பார்வை என் தோளுக்கு வந்து நின்றது. "இது இன்னா பை? ஆஸ்பத்திரில அந்த ரூம் கதவுல இதே ரிப்பன் ஒட்டியிருப்பாங்களே."

அப்போதுதான் பையைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ரிப்பன், எய்ட்ஸ் சின்னம். அந்தச் சின்னம் போட்ட பேனாகூடத் தெருவுக்குள் வரக் கூடாது என்பது எங்கள் விதி. புதிதாகச் சேர்ந்த இருவருக்கு அதைப் பாடம் எடுத்தவளே நான்தான்.

"சும்மா குடுத்தாங்கம்மா" என்றேன். பையைத் திருப்பி மாட்டினேன். திருப்பியதையும் அவர் பார்த்தார்.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, பெண்களுக்கான பாதுகாப்பு அலுவலரிடம் போனில் பேசினார். அந்த அக்கா வந்து சொன்னால்தான் எதையும் தொடங்க முடியும், சொல்லாமல் நாமே ஆள் அனுப்பினால் அவருக்குத்தான் ஆபத்து என்று பதில் வந்தது. "காத்திருக்கலாம்" என்றார் மேடம். நான் பிறந்ததிலிருந்து செய்யத் தெரியாத ஒரே வேலை அது.

கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டம் வந்து போனது. பிறகு ஒரு நாள், ரூம் பார்ப்பதுபோல் அந்தக் கெஸ்ட் ஹவுசுக்குப் போனேன். ரூம் சுத்தம் செய்யும் அக்கா இல்லையா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "நிறுத்திட்டோம் மேடம். ஏதோ வியாதின்னு தெருவுல பேசிக்கிறாங்க. கெஸ்ட்டுங்க வர்ற இடம் பாருங்க."

பரிசோதனையே செய்துகொள்ளாத ஒருத்திக்கு என் பை முடிவு சொல்லிவிட்டிருந்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது பஸ் ஸ்டாண்டில். காலை பதினொன்று இருக்கும். இரண்டு கட்டைப் பை, ஒரு சாக்கு மூட்டை, மூட்டை மேல் மகள். கணவர் சற்றுத் தள்ளிக் கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தார். நான் அருகில் போய் நின்றேன். அக்காவின் கீழுதட்டில் காய்ந்த வெட்டு.

"இவரோட அம்மா ஊருக்குப் போறோம். இங்க வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"பாத்துட்டீங்களாக்கா?"

"எங்க பாக்கறது?"

"அந்த ஊர்லயும் ஆஸ்பத்திரில பாப்பாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

"அங்க நர்சே இவரோட சித்தி பொண்ணு." பிறகு, கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "அந்தப் பைய ஏன் பாப்பா எடுத்துட்டு வந்த?"

அதற்குள் கணவர் திரும்பி வந்தார். பிஸ்கட் பொட்டலத்தை மகளிடம் பிரித்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு?"

"தண்ணி கணக்கு எடுக்க வந்தாங்கன்னு சொன்னேனே, அந்த மேடம்" என்றார் அக்கா.

அவர் என்னையும் என் கையிலிருந்த டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணிக்கா?" என்றார், மெதுவாக.

பஸ் இன்னும் வரவில்லை. நான் டேப்பைத் திறந்து நீர்த்துளியைத் தொட்டேன். இரண்டு முறை தொட வேண்டியிருந்தது.

"குழாயில எத்தன நாளைக்கு ஒரு தடவ வருதுக்கா?"

"வாரத்துக்கு ரெண்டு நாள் மேடம்."

"கேன் வாங்குவீங்களா?"

"எப்பவாச்சும்."

இனி அவர்கள் குடியிருக்கப்போகாத வீட்டின் தண்ணீரைப் பற்றிப் பன்னிரண்டு கேள்வியையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். கணவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பஸ் வந்ததும் மூட்டையைத் தூக்கி ஏற்றினார். மகள் ஜன்னல் சீட்டைப் பிடித்தாள். அக்கா உள்பக்கம் உட்கார்ந்ததால், நான் நின்ற இடத்திலிருந்து முகம் தெரியவில்லை.