முடி இறக்கிய பிறகு

கல்கத்தாவில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த பட்டாபிராமனுக்கு 1908-இல் சுப்புலக்ஷ்மி பிறந்தாள். குழந்தையின் இரண்டு கண்மணிகளிலும் பால்போல வெள்ளை படர்ந்திருந்தது. தாமதிக்காமல் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார் வங்காளி டாக்டர்.

"குலதெய்வத்துக்கு முடி இறக்காம கொழந்தை தலையிலே கத்தி படக்கூடாது" என்று பட்டாபிராமன் ஒரே பிடியாக நின்றார். கோவிலோ தஞ்சாவூர்ப் பக்கம். மூன்று வருஷம் துரை லீவு தரவில்லை. நாலாம் வருஷம் லீவு கிடைத்தது, ஆனால் அவருடைய அப்பா காலமானார். தீட்டு வருஷத்தில் கோவில் காரியம் கூடாது. அப்புறம் மனைவிக்கு விஷஜுரம். கடைசியில் ஏழு வயதில்தான் முடி இறக்கினார்கள். அடுத்த மாதமே ஆபரேஷன் நடந்தது.

கட்டை அவிழ்த்தபோது கண்கள் பளிச்சென்று இருந்தன. தடித்த கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். பட்டாபிராமன் வாயைத் திறக்காமல் மகளின் முன்னால் போய் நின்றார். அவளுக்கு யாரென்று தெரியவில்லை.

டாக்டர் இங்கிலீஷில் மெல்லச் சொன்னார்: "குழந்தை பார்க்கப் பார்க்கத்தான் கண் நரம்புகள் ஒன்றோடொன்று சரியாகப் பின்னிக்கொள்ளும் என்று நினைக்கிறேன். அந்த வயது போய்விட்டது, பாபு."

சுப்புலக்ஷ்மி வெளிச்சம் கூசித் தவித்தாள். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு, எதிரே இருந்த முகத்தைக் கையால் தடவினாள்.

"அப்பா!" என்றாள்.

அவர் அவள் தலையில் கை வைத்தார். இறக்கிய முடி அதற்குள் முள்முள்ளாய் முளைத்திருந்தது.