பெயர் போடாத நோயாளி

வெள்ளிக்கிழமை காலை 6.40. எழுந்து வந்ததும் நான் முதலில் பார்த்தது, விளக்குப் போடாத சமையலறையின் தரையில் உட்கார்ந்திருந்த என் மனைவியை. கைப்பேசியை நீட்டினாள்.

ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் ஊர்க் குடும்பங்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. இங்கே ரோலா பகுதியில் கிளினிக் வைத்திருக்கும் எங்கள் ஊர் டாக்டரம்மா வாராவாரம் அதில் உடல்நலக் குறிப்பு எழுதுவார். உறவில்லை என்றாலும் என் மனைவி அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த வாரத்துக் குறிப்பு இப்படித் தொடங்கியது:

‘ஷார்ஜாவில் வசிக்கும் ஒரு பத்திரிகைக்காரரின் மனைவி. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிகிறது. வெட்கத்தால் கணவரிடமே நெடுநாள் மறைத்திருக்கிறார்.’

அதன்பின் பயிற்சிகள். மருத்துவத்தில் பிழை எதுவும் இல்லை. என்னிடம் சொல்லவே அவளுக்கு ஒரு வருடம் ஆனது. கிளினிக்குக்குப் போக வைக்க நான் மேலும் பல மாதங்கள் கெஞ்ச வேண்டியிருந்தது. போய்வந்த நான்காம் நாள் இது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, அவ உங்கள நம்பிச் சொன்னது.”

“பேரு போடலையே தம்பி. விக்டோரியா ராணி காலத்து டாக்டருங்க குடும்பங்களுக்கு எழுதுன புத்தகங்களப் பத்தி நீங்கதானே கட்டுரை எழுதினீங்க? நோயாளிய ‘ஒரு பாதிரியாரின் மனைவி’ன்னுதானே அதுல சொல்றாங்க? அதே மாதிரிதான் எழுதினேன். ஆளு இருந்தாத்தான் ஜனங்க படிக்கிறாங்க.”

“அங்க ஊருக்கு ஊரு பாதிரியார் இருந்தாங்கக்கா. இந்த குரூப்ல பத்திரிகைக்காரன் நான் ஒருத்தன்தான்.”

“சரி, டெலீட் பண்ணிடறேன்” என்றார். செய்தார். அதற்குள் அது இன்னும் இரண்டு குழுக்களுக்குப் போயிருந்தது.

அன்று மதியம் எங்களுக்கு மாடிவீட்டில் விருந்து. வரமாட்டேன் என்றால் இன்னும் பேசுவார்கள் என்று அவளே புடவை மாற்றிக் கிளம்பினாள். நாங்கள் நுழைந்ததும் வீட்டுக்காரம்மா சோபாவின் ஓரத்தில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, “இங்க உக்காருங்க, வசதியா இருக்கும்” என்றார்.

உள்ளிருந்து ஒரு குரல்: “ஏய், அவங்களச் சிரிக்க வைக்காதீங்கடி!”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். சாப்பாடு முடியும்வரை அவள் உட்காரவில்லை.

மறுநாள் கிளினிக்கில் அடுத்த முறைக்கு வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்தாள். துபாயில் யாரையாவது, நம் ஊர் சம்பந்தமே இல்லாத மருத்துவரைப் பார்க்கலாம் என்றேன்.

“அவங்களும் யாருக்காவது எழுதுவாங்கல்ல?” என்றாள்.

இன்றுவரை அவள் எந்த மருத்துவரிடமும் போகவில்லை.