படித்தேன் என்று சொன்ன பதினொரு பேர்

இந்த ஐப்பசியோடு எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. முதலாண்டு நினைவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவரைப் பற்றி எழுதுகிறவர், கூடவே தன்னையும் நல்லவராகக் காட்டிக்கொள்வது வழக்கம். அந்த வசதி எனக்கு இல்லை. அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எழுத்து என் தலைகுனிவில்தான் வந்து நிற்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அக்கா பிறந்தது குண்டடத்துக்குத் தெற்கே, மழையை நம்பிய நான்கு ஏக்கர் விவசாயக் காட்டில். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா தவறிவிட்டார். அக்காவுக்கு அப்போது பதிமூன்று. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்ததும் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தார். வந்த வாரமே அக்கா பனியன் கம்பெனிக்குப் போனார். நான் பள்ளிக்கூடம் போனேன். அதில் ஏதோ கோணலாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே பல வருடம் ஆயிற்று.

அக்காவின் வேலை செக்கிங். வெளியூர் உறவுகளுக்காகச் சொல்கிறேன். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விளக்கின் கீழ் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் உண்டா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிறகு நான் சொந்தமாக யூனிட் போட்டபோதும் அந்த மேசைக்கு அக்காதான் பொறுப்பு. குறையைக் கண்டால் அவர் கத்த மாட்டார். தைத்தவர் முன்னால் பீஸை விரித்து வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். அவரே பார்த்து, அவர் வாயாலேயே சொல்லட்டும் என்பது அக்காவின் கணக்கு. பீகாரில் இருந்து வந்த பையன்களுக்குக் கூட அந்த மௌனம் புரியும்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறிவிட்டது. போன வருடம் பங்குனியில், இனி கம்பெனிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை செய்தவருக்கு உட்காரத் தெரியவில்லை. அக்காவின் கணவர், எங்கள் மாமா, பழைய புத்தகக் கடையில் இருந்து ஒரு பை நிறையப் புத்தகம் வாங்கி வந்து போட்டார். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு அன்றைக்கு மறுபடி ஆரம்பித்தது. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று கோடை முழுக்க அக்கா படித்தார். பை தீர்ந்தால் மாமா அடுத்த பை வாங்கி வருவார். புத்தகத்தின் பேர் அக்காவுக்கு நினைவில் நிற்காது. நேவி அட்டை, மெரூன் அட்டை என்று ஷேடு சொல்லித்தான் பேசுவார்.

ஆனிக் கடைசியில் படித்ததில் இருந்து பதினொரு புத்தகங்களைப் பொறுக்கி எடுத்தார். நம் சொந்தத்தில் பதினொரு பேருக்கு, ஆளுக்கு ஒன்று. யாருக்கு எது பிடிக்கும் என்று நாள்கணக்கில் யோசித்திருக்கிறார். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பெயர் எழுதி ஒரு சீட்டு. பிடித்த இடங்களில் எல்லாம் கைப்பழக்கத்தில் சிவப்பு அம்பு. எல்லாவற்றையும் கம்பெனிக் கார்ட்டன் பெட்டி ஒன்றில் அடுக்கி, மூடியின் மேலும் நாலு அம்பு ஒட்டி, மாமாவிடம் கொடுத்து அனுப்பினார். எனக்குப் போன் செய்து, பதினொரு பேர் யார் யார் என்று சொல்லி, எல்லோருக்கும் நான்தான் சேர்த்துவிட வேண்டும், ஆடிப் பதினெட்டுக்குத் தாராபுரம் ஆற்றுக்குப் போகும்போது அவரவர் புத்தகத்தைப் பற்றி அவரவர் பேச வேண்டும், அதைக் கேட்கத்தான் ஆசை என்றார். அக்கா என்னிடம் ஆசை என்று சொல்லி எதையும் கேட்டு நான் அறிந்ததில்லை.

அன்று ஷிப்மெண்ட் அவசரம். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓரமாக வைக்கச் சொன்னேன். ஓரம் என்றால் எங்கள் யூனிட்டில் ரிஜெக்‌ஷன் பீஸ்கள் கிடக்கும் மூலை. அம்பு ஒட்டியிருந்தால் அது கழித்த சரக்கு என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். நான்கு நாள் கழித்து ரிஜெக்‌ஷன் எடுக்க வந்த வண்டியில் அக்காவின் பெட்டியும் ஏறிவிட்டது. லோடு ஏற்றியவர்கள் மேல் தப்பில்லை.

அதுவரைகூட மன்னித்துவிடலாம். அந்தச் சரக்கை எடுக்கும் வியாபாரியை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். அவர் மறுநாளே போன் செய்தார். ஒரு பெட்டியில் புத்தகம் இருக்கிறது, திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார். சரக்கு வாங்கும் பையர் ஆபீஸில் இருந்து ஆள் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

“பழைய புக்குங்க பாய், வேண்டாம், போட்டுருங்க” என்றேன்.

வேறு யார் வாயும் அல்ல, என் வாய்தான் அதைச் சொன்னது. போனை வைத்த பிறகு நெஞ்சு ஒருமுறை உறுத்தியது. திரும்பக் கூப்பிட்டு, அதை எடுத்து வையுங்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் அக்காவுக்கும் மாமாவுக்கும் தெரியாமல், மற்றப் பத்துப் பேருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகச் செய்தி போட்டேன். அக்கா புத்தகம் பற்றிக் கேட்டால், வந்தது, படித்தேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், உடம்பு முடியாதவர், மனம் நோக வேண்டாம் என்று எழுதினேன். நம் ஜனத்துக்கு ஒருவர் மனம் நோகப் பேச வராது. எல்லோரும் சரி என்றீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னோடு பத்துக் கை சேர்ந்தது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஏவியவன் நான்.

ஆடிப் பதினெட்டு வந்தது. அமராவதிக் கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்தோம். மாமா போட்டுக் கொடுத்த நாற்காலியில் இருந்துகொண்டு அக்கா ஒவ்வொருவராகக் கேட்டார். குன்னத்தூர்ப் பெரியம்மா ரொம்ப நல்லாயிருந்தது என்றார். சித்தப்பா ஒருபடி மேலே போய், படித்துவிட்டு அழுதே விட்டதாகச் சொன்னார். அவருக்கு எடுத்து வைத்தது வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் புத்தகம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியாக என் முறை.

“உன்ற புத்தகம் எப்படி இருந்துச்சு கண்ணு?”

“நல்லா இருந்துச்சுங்க்கா.”

“முழுசும் படிச்சியா?”

“படிச்சேங்க்கா.”

 தையல்காரர் முன்னால் அக்கா பீஸை விரித்து வைத்துவிட்டு நிற்பாரே, அதே மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். நான் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“செரி, சாப்புடு” என்றார்.

அதன் பிறகு புத்தகப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், எல்லாருமே படிச்சுட்டாங்களாமுங்க என்று மட்டும் மாமாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாராம். ஐப்பசி இரண்டாம் வாரம் மூச்சு அதிகமாகி மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் போய்விட்டார். கடைசி நாட்களில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். பேச நேரமும் இருந்தது. நான் டாக்டர் பில்லைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசினேன்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க பாய் வந்தார். தோளில் அந்தப் பெட்டி. சுவரில் ஒட்டியிருந்த அஞ்சலி போஸ்டரைப் பார்த்தபோதுதான், சீட்டுகளின் அடியில் எழுதியிருந்த பெயர் என் அக்காவுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“நீங்க போடச் சொன்னீங்க. ஒரு மனுசி கையால எழுதினதைப் போட எனக்கு மனசு வரலீங்க” என்றார். “எங்க ஊட்டுக்காரம்மா அத்தனையும் படிச்சுட்டாங்க. அவங்களுக்குன்னு ஒரு சீட்டு இல்லையேன்னுதான் ஒரே வருத்தம்.”

மாமாவும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டார்.   பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சீட்டைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லாதபோதே அக்காவுக்குத் தெரிந்துபோயிருக்கும், எந்தப் புத்தகமும் யார் கைக்கும் போகவில்லை என்று.

சில சீட்டுகளை அக்கா எழுதியபடியே தருகிறேன். பெரியம்மாவுக்கு: “எழுத்து பெரிசு, கண்ணாடி தேட வேண்டாமுங்க. ஆடு வளர்த்தவர் எழுதினது. ஆட்டுக்கு அவர் சொல்ற வைத்தியத்தை மட்டும் நம்பிராதீங்க.” சித்தப்பாவுக்கு: “முதல் முப்பது பக்கம் இழுவை. பொறுத்துக்குங்க. அப்புறம் கிணறு வெட்ட ஆரம்பிக்கறாங்க, சிரிச்சு மாளாது.” என் மனைவிக்கு: “சமையல் புத்தகம்னு நினைச்சுப் பயந்துக்காத சாமி. ஒரு பொம்பளை ரயில்ல தனியாப் போறா. கடைசி வரைக்கும் அவளுக்கு ஒண்ணுமே ஆகறதில்லை. அதுதான் எனக்குப் பிடிச்சுது.”

இன்று பந்தலின் வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். பதினொரு புத்தகங்களும் அதில் இருக்கின்றன. சாப்பிட்டுக் கிளம்பும்போது அவரவர் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாவிட்டால் முடியவில்லை என்றே சொல்லுங்கள்.

அக்காவை ஒருநாளும் தனியே விடாத மாமாவுக்கும், கடைசி ஐந்து நாள் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் செவிலியர்களுக்கும், அடக்கத்தன்று மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்ற தொழிலாளர்களுக்கும், தோளில் பெட்டியைச் சுமந்து வந்த பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாய் வீட்டம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அக்கா எழுதியதை அக்கா இருக்கும்போதே படித்தவர் அவர் ஒருவர்தான்.

பெட்டியின் அடியில் என் பெயரில் இருந்தது, விரல் கனம்கூட இல்லாத ஒரு புத்தகம். இந்த ஓராண்டில் அதை மூன்று முறை படித்துவிட்டேன். அதன் முதல் பக்கத்தில் இருந்த சீட்டு இது:

“தம்பிக்கு. நீ படிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் கண்ணு. அதான் இருக்கறதுலயே மெல்லிசா எடுத்து வெச்சிருக்கேன். இதுக்கும் நேரமில்லீன்னா, படிச்சேன்னு மட்டும் சொல்லிராத. படிக்கலீங்க்கான்னு சொல்லு. பக்கத்துல உக்கார வெச்சு நானே கதையச் சொல்றேன்.”